சீட்டு நுழையாத வீடு

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு இருந்ததே இல்லை. சீட்டு என்ற சொல்லையே வீட்டுக்குள் புழங்க விடமாட்டார்கள். அம்மா மாதாமாதம் கட்டிய ஏலச்சீட்டுக்குக்கூட ‘ஏலத்துக்குப் பணம்’ என்றுதான் பெயர். எல்லாம் தாத்தாவால் வந்தது. திருமங்கலத்துக்குத் தெற்கே எங்களுக்கு ஓர் ஏக்கர் சொச்சம் கிணற்றுப் பாசன நிலம் இருந்தது. வரப்போரம் இரண்டு புளியமரங்கள். அதை அவர் மங்காத்தாவில் விட்டார். மூன்று ராத்திரி உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று ஆடிவிட்டு, நாலாம் நாள் விடியற்காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம். “குடுத்தேன். வேற என்ன செய்ய?” என்பார் அப்பத்தா. அதற்கு மேல் அந்தக் கதையில் ஒரு வரி சேர்க்கமாட்டார்.

அப்புறம் குடும்பம் மதுரைக்கு வந்தது. சிம்மக்கல்லில் ஒண்டுக்குடித்தனம், தாத்தாவுக்கு மில் வேலை. நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். அவர் விட்டுப்போன சட்டம் மட்டும் இருந்தது: சீட்டு இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது.

மற்ற ஆட்டங்களுக்குத் தடை இல்லை. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஒரு டப்பாவில் வைத்திருந்தோம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கப் பரமபதம். தாயத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை: விளக்கு வைப்பதற்குள் கட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். எங்கள் பித்தளைத் தாயக்கட்டை புதுமண்டபத்தில் வாங்கியது. அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அப்பத்தா இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைக்குள் வைத்து, ஒன்றோடொன்று கிர்ரென்று உரசும்படி உருட்டித் தரையில் விடுவார். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடியும் உருட்டலாம். அவருக்கு விழும். எனக்கு இரண்டும் மூன்றுமாகத்தான் விழும். “கட்டையைத் திட்டாத. திட்டுனா பேசாது” என்பார்.

பக்கத்து வீட்டில் ‘பிசினஸ்’ என்று ஒரு பெட்டி இருந்தது. பம்பாய், கல்கத்தா என்று ஊர்களை வாங்கி வாடகை பிடுங்கும் ஆட்டம். ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆடியும் ஓர் ஆட்டத்தைக்கூட முடித்ததாக நினைவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் கடன்காரனாகி வெளியே போனவன், மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே முறுக்கு தின்ன வேண்டும். இதன் மூலமான ‘நிலக்கிழார் ஆட்டம்’ 1904-ல் அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி காப்புரிமை வாங்கியது. நிலத்தை ஒரே கையில் குவிப்பது எவ்வளவு கேடு என்று காட்டத்தான் அதைச் செய்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. கேடு எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. ஆட்டம்தான் பிடிக்கவில்லை.

பலகை ஆட்டம் என்றால் இவ்வளவுதான் என்றிருந்த வீட்டுக்கு 2012 தீபாவளிக்குத் தம்பி வந்தான். அப்போது அவனுக்கு ஜெர்மனியில், டுசல்டார்ஃபில் வேலை. மதுரைக்காரர்களுக்கு அந்த ஆண்டை நினைவுபடுத்த வேண்டியதில்லை. பகலும் இரவுமாகப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு. டிவி இல்லை, மின்விசிறி இல்லை. வாசலில் பாயை விரித்து, நடுவில் எமர்ஜென்சி விளக்கை வைத்து, மொத்தக் குடும்பமும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

தம்பி பெட்டியிலிருந்து ஒரு நீள டப்பாவை எடுத்தான். உள்ளே தந்த நிறத்தில் சின்னச் சின்னக் கட்டைகள், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. கறுப்பு, சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று நாலு நிறத்தில் 1 முதல் 13 வரை எண்கள், எல்லாம் இரண்டிரண்டு. இரண்டு ஜோக்கர். மொத்தம் 106. தாங்கி நிறுத்தி வைக்கப் பலகைகள். ரம்மிகப் என்று பெயர் சொன்னான். அதில் முதல் மூன்று எழுத்தை மட்டும் கொஞ்சம் மென்று விழுங்கினான்.

“சீட்டா?” என்றார் அப்பத்தா.

“சீட்டு இல்ல அப்பத்தா. கட்டை. தொட்டுப் பாருங்க.”

தொட்டுப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தார். டொக் என்றது. சரி என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆளுக்கு 14 கட்டை. ஒரே எண் வேறு வேறு நிறத்தில் மூன்றோ நான்கோ சேர்ந்தால் ஒரு கூட்டம். ஒரே நிறத்தில் வரிசையாக மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு தொடர். முதல் தடவை இறக்கும்போது எண்களின் கூட்டுத்தொகை 30-ஆவது வர வேண்டும். இறக்க முடியாவிட்டால் குவியலிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை இறக்கிவிட்டால் அப்புறம்தான் கொண்டாட்டம். தரையில் இருப்பதெல்லாம் பொதுச்சொத்து. யார் வைத்ததையும் பிரிக்கலாம், பிணைக்கலாம். உன் முறை முடியும்போது தரையில் கிடக்கும் எல்லாமே ஒழுங்கான கூட்டமாகவோ தொடராகவோ இருந்தால் போதும்.

இதில் அப்பத்தாவின் ஆட்டம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். நாங்கள் கையில் கிடைத்ததை உடனே இறக்கிக்கொண்டிருந்தோம். அவர் கமுக்கமாக உட்கார்ந்திருப்பார். குவியலில் ஒன்று எடுப்பார், பலகையில் சொருகுவார், வெற்றிலையை ஒதுக்கிக்கொள்வார். ஒரு நாள் தரையில் நீல 4, 5, 6, 7 ஒரு தொடராக இருந்தது. பக்கத்தில் நாலு நிறத்திலும் 9. அவர் கையில் கடைசியாக இரண்டே கட்டைகள். மூன்று சுற்றாக எதுவும் செய்யவில்லை. பாவம், மாட்டிக்கொண்டார் என்று நினைத்தோம். அவர் முறை வந்தது. ஒன்பதுகளில் நீலத்தை மட்டும் ஒரு விரலால் மெதுவாக இழுத்தார். மீதி மூன்று ஒன்பது, அது செல்லும். தொடரின் வாலில் தன் நீல 8-ஐ வைத்தார், இழுத்த 9-ஐ வைத்தார், தன் 10-ஐ வைத்தார். வெறும் பலகையைத் திருப்பி எங்களிடம் காட்டிவிட்டு, “தண்ணி கொண்டாடா” என்றார்.

“மூணு சுத்தா ஏன் சும்மா இருந்தீங்க?”

“நாலாவது ஒம்போது இப்பத்தானே வந்துச்சு?”

அந்தக் கட்டைகளில் ஒரு குறை உண்டு. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலவே தெரியும். அப்பத்தாவுக்கு அப்போது கண்புரை வேறு. மகளின் நகப்பூச்சை எடுத்து ஆரஞ்சுக் கட்டைகளின் ஓரத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்தோம். இன்றைக்கும் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன.

ஒரு மாதம் போயிருக்கும். உசிலம்பட்டியிலிருந்து சின்னத் தாத்தா வந்தார். தாத்தாவின் தம்பி. அந்த மூன்று ராத்திரியும் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்று கேள்வி. ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “என்ன மதினி, ரம்மி ஆடுறீக?” என்றார்.

தம்பி விதிப்புத்தகத்தைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டான். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பத்தா தலையை நிமிர்த்தவே இல்லை.

“தெரியும். மொத நாளே தெரியும். செட்டு, வரிசை, ஜோக்கரு. உங்க அண்ணன் ஆடுறத எத்தன நாளு பாத்துருக்கேன். இதுல காசு இல்லைல? கட்டைதானே? நீங்க உக்காருங்க, பதினாலு எடுங்க.”

இந்த ஆட்டம் பிறந்த கதையும் ஏறக்குறைய இதுதான் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது. செய்தவர் எஃப்ரைம் ஹெர்ட்சானோ, ருமேனியாவில் பிறந்த யூதர். அங்கே சீட்டாட்டத்துக்குத் தடை வந்தபோது, சீட்டுக்குப் பதில் கட்டை என்று யோசித்தவர் என்கிறார்கள். பின்னர் இஸ்ரேலில் குடியேறி, முதல் பெட்டிகளை வீட்டுக் கொல்லையில் வைத்துக் கையாலேயே செய்து விற்றார். தடையைச் சுற்றிக்கொண்டு போக ஒருவர் செய்த பண்டம், பல பத்தாண்டுகள் கழித்துச் சிம்மக்கல்லில் அதே வேலையைச் செய்திருக்கிறது.

அந்த டப்பாவின் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் காய் முத்திரை இருந்தது. தம்பியிடம் கேட்டேன். ஷ்பீல் டெஸ் யாரெஸ், அதாவது ‘ஆண்டின் விளையாட்டு’ என்றான். ஜெர்மனியில் விளையாட்டு விமர்சகர்கள் சிலர் 1978-ல் கூடி ஏற்படுத்திய விருது. முதல் பரிசு 1979-ல், ரம்மிகப்புக்கு 1980-ல். விருதோடு காசு கிடையாது. ஆனால் அந்தச் சிவப்புக் காயை டப்பாவில் அச்சிட்டுக்கொள்ளலாம், அச்சிட்டால் பதிப்பாளர் கட்டணம் கட்ட வேண்டும், நடுவர் குழுவின் செலவு அதிலிருந்து ஓடுகிறது. முத்திரை விழுந்த ஆட்டம் அந்த வருடம் லட்சக்கணக்கில் விற்கும். கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்குவது என்று தெரியாத ஜெர்மன் மாமாக்கள் கடைக்குப் போய்ச் சிவப்புக் காயைத் தேடி எடுத்துவருவார்களாம். நாம் அக்மார்க் பார்த்து நெய் வாங்குவது மாதிரி. எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்றால், புதிய யோசனை இருக்கிறதா, விதிகள் படித்தால் புரிகிறதா, காய்களும் பலகையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்பதெல்லாம்.

முதன்முதலில் வாங்கிய ஆட்டம் நம்ம முயல் ஆமைக் கதைதான். டேவிட் பார்லட் என்ற ஆங்கிலேயர் செய்தது. ஓட்டப்பந்தயம், ஆனால் பகடையே கிடையாது. கேரட்டைச் செலவழித்து ஓட வேண்டும். ஒரு கட்டம் நகர ஒரு கேரட், இரண்டு கட்டத்துக்கு மூன்று, மூன்றுக்கு ஆறு, நாலுக்குப் பத்து. விரைந்து ஓட ஓடச் செலவு எகிறும். பின்னால் நகர்ந்து ஆமைக் கட்டத்தில் நின்றால் கேரட் திரும்பக் கிடைக்கும். ஆமை ஏன் ஜெயித்தது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு நான் பார்த்ததில்லை.

சின்னத் தாத்தா வந்துபோன பிறகு வீட்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. காசு வைக்காத சீட்டு சீட்டே இல்லை. யாரும் அறிவிக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. அடுத்த முறை தம்பி நிஜமான சீட்டையே கொண்டுவந்தான்.

ஹனாபி. பிரான்ஸின் ஆந்த்வான் பௌசா செய்தது, 2013-ன் விருது. உள்ளங்கையளவுப் பெட்டிக்குள் 50 சீட்டு, ஐந்து நிறம். பெயருக்கு ஜப்பானிய மொழியில் வாணவேடிக்கை என்று பொருள். ஹனா என்றால் பூ, பி என்றால் தீ. புஸ்வாணத்தை அப்பத்தா இன்றும் பூவாணம் என்றுதான் சொல்வார், அதனால் பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு நிறத்திலும் 1 முதல் 5 வரை வரிசையாக அடுக்க வேண்டும். தோற்றால் எல்லாரும் தோற்போம். இதில் வேடிக்கை, உன் கைச் சீட்டு உனக்குத் தெரியக் கூடாது. முகத்தை வெளியே காட்டிப் பிடிக்க வேண்டும். நான் உன்னுடையதைப் பார்ப்பேன், நீ என்னுடையதைப் பார்ப்பாய். “இந்த ரெண்டும் சிவப்பு” அல்லது “இது மூணு” என்ற மாதிரி மட்டும்தான் குறிப்பு கொடுக்கலாம், அதற்கும் எட்டே வில்லைகள். மூன்று தப்பு செய்தால் எல்லாம் வெடித்துவிடும்.

சொல்லக் கூடாததைச் சொல்லாமல் இருப்பது எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா முகத்தைப் பார்த்தாலே போதும், தப்பான சீட்டைத் தொட்டால் கண் விரியும். அப்பத்தா இன்னும் தேறியவர். இருமுவார். நாங்கள் கண்டுபிடிக்கவே மூன்று ஆட்டம் ஆனது: ஒரு இருமல் என்றால் போடு, இரண்டு இருமல் என்றால் வைத்துக்கொள். கேட்டதற்கு, “சளிடா” என்றார்.

கத்தான் வந்தது வேறொரு கதை. க்ளாவுஸ் டாய்பர் என்ற பல் தொழில்நுட்பக்காரர் செய்து 1995-ல் விருது வாங்கி, ஜெர்மன் ஆட்டங்களை உலகம் முழுக்கக் கொண்டுபோன தீவு. செங்கல், மரம், ஆட்டு ரோமம், தானியம், தாதுக்கல் இந்த ஐந்தையும் சேர்த்து வீடும் சாலையும் கட்ட வேண்டும். ஒருவரிடம் இருப்பது இன்னொருவருக்குத் தேவைப்படும், எனவே பேரம். பெரிய மாமா கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவர். விதியைப் பாதி கேட்டதுமே, “போதும், எனக்கு விளங்கிருச்சு” என்றார். அவருடைய அப்பா மாட்டுத் தரகர். மாமா தோள் துண்டை எடுத்துத் தம்பியின் கைமேல் போட்டு, உள்ளே கைவிட்டு விரலைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் விலை பேசும் அதே முறை. வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. தம்பி முழிக்க, “ஒரு ஆட்டுக்கு ரெண்டு செங்கல் கேக்குறேன்டா, விரலை எண்ணத் தெரியலையா?” என்றார். இது செல்லாது என்று மனைவி விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். அதில் துண்டைப் பற்றி எதுவும் இல்லை. மாமா அன்றைக்குப் பத்துப் புள்ளியை எடுத்து எழுந்தபோது, மற்ற யாரும் ஏழைத் தாண்டவில்லை.

எல்லாமே ஒட்டியது என்று சொல்ல மாட்டேன். 2011-லிருந்து கொஞ்சம் தேர்ந்தவர்களுக்கென்று தனியாக ஒரு விருதும் கொடுக்கிறார்கள். அதை 2019-ல் வாங்கியது பறவைகளைப் பற்றிய விங்ஸ்பான், எலிசபெத் ஹார்கிரேவ் செய்தது. 170 பறவைச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓவியம், இறக்கை அகலம், என்ன தின்னும் என்ற குறிப்பு. மகள் அதற்கு அடிமை. ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, படம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னார், மூன்றாவது முறை எழுந்து போய்ப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து நான் ஆட்டம் வாங்குவதற்கு முன் முதலில் பார்ப்பது சிவப்புக் காயை அல்ல, காய்களில் எழுத்து இருக்கிறதா என்பதை. எண்ணும் நிறமும் மட்டும் இருந்தால் அப்பத்தா முதல் என் பையன் வரை எல்லாரும் ஒரே பாயில் உட்காரலாம். ரயில் பாதை போடும் டிக்கெட் டு ரைடு, 2004-ன் விருது, அமெரிக்க ஊர்ப் பெயர்களால் கொஞ்சம் தடுமாறியது. “எந்த ஊரா இருந்தா என்ன, இந்தப் புள்ளியிலருந்து அந்தப் புள்ளிக்குத்தானே?” என்று அப்பத்தா அதைத் தாண்டிவிட்டார். 2021-ல் விருது வாங்கிய மைக்ரோமேக்ரோவுக்கு எழுத்துத் தொல்லை அதிகம் இல்லை. 75-க்கு 110 சென்டிமீட்டரில் ஒரு ஊரின் கறுப்பு வெள்ளைப் படம், அதில் ஆயிரம் ஆட்கள், யார் யாரைக் கொன்றார்கள் என்று தேட வேண்டும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது மாதிரி இருக்கும். பூதக்கண்ணாடியை அப்பத்தா யாருக்கும் கொடுக்கவில்லை.

இருவர் மட்டும் ஆடும் ஸ்கை டீம், 2024-ன் விருது, நானும் மனைவியும் ஆடுவது. ஒருவர் விமானி, ஒருவர் துணை விமானி. பகடையை உருட்டிய பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசாமலே விமானத்தைத் தரையிறக்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருடம் ஆனவர்களுக்கு எளிது என்று நினைத்தேன். நான்கு முறை ஓடுபாதைக்கு வெளியே விழுந்தோம்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பெட்டிகள் சாதாரணமாக மூவாயிரம், நாலாயிரம் ஆகும். அதனால்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். இணையத்தில் ஒரு கடையில் அசூல் பாதி விலைக்குக் கிடைத்தது. மிகையேல் கீஸ்லிங் செய்தது, 2018-ன் விருது. போர்ச்சுகல் அரண்மனைச் சுவருக்கு ஓடு பதிப்பதுதான் ஆட்டம். ஐந்து வகை, வகைக்கு இருபது, மொத்தம் நூறு ஓடுகள் இருக்க வேண்டும். வந்த பெட்டியில் 98. எண்ணியதே அப்பத்தாதான், தட்டில் கொட்டிப் பத்துப் பத்தாக அடுக்கி. இரண்டு நிறங்களில் சாயம் விரலில் ஒட்டியது. போலி. கடைக்காரர் பதிலே போடவில்லை. தொலைந்த இரண்டுக்குப் பதிலாகப் புளியங்கொட்டை போட்டு ஆடினோம். பையில் கைவிட்டு எடுக்கும்போது தடவினாலே கொட்டை தெரிந்துவிடும் என்பதால் அந்த ஏற்பாடும் நிலைக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அசலை முழு விலை கொடுத்தே வாங்கினேன்.

அசூல் எங்கள் வீட்டில் இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரைக்குடிச் சித்தி வீடு ஒரு காரணம். அங்கே தரை முழுக்க ஆத்தங்குடி டைல். கண்ணாடிப் பலகையின் மேல் தகட்டு அச்சை வைத்து, பகுதி பகுதியாகச் சாயம் கலந்த சிமென்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியில் பட்ட முகம் கண்ணாடி மாதிரியே வரும். சித்தி வீட்டு இரண்டாம் கட்டில், தூணுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு பூ மட்டும் கால்சுற்றுத் திரும்பிப் பதிந்திருக்கும். நாலு டைல் சேர்ந்தால் வர வேண்டிய வட்டம் அங்கே மட்டும் வராது. விடுமுறைக்குப் போன பிள்ளைகள் எல்லாருமே அந்த ஒன்றைக் காலால் தேய்த்துப் பார்த்திருக்கிறோம். அசூல் பலகையில் ஓர் ஓடு அதன் இடத்தில் உட்காராமல் போய்க் கழிவு வரிசையில் விழும்போதெல்லாம், அப்பத்தா “தூணோரம்” என்பார். வெளியாட்களுக்குப் புரியாது.

போன வருடம் பிள்ளைகளோடு கீழடி அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே சுடுமண் ஆட்டக்காய்களையும் வட்டச் சில்லுகளையும் பகடைகளையும் பார்த்துவிட்டு, “இதுக்கு விதி என்னப்பா?” என்று பையன் கேட்டான். காய் கிடைத்திருக்கிறது, விதிப்புத்தகம் கிடைக்கவில்லையே. நல்லவேளையாகப் பதினைந்து ஆடும் மூன்று புலியும் இன்றுவரை வாய்வழியே தப்பி வந்துவிட்டன. ஆடுபுலி ஆட்டம் இன்றைக்கு ஜெர்மனியின் எஸ்ஸன் விளையாட்டுச் சந்தையில் புதிதாக வந்தால் விமர்சகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள் என்பது என் கட்சி. இரண்டு பக்கமும் வேறு வேறு பலம், வேறு வேறு இலக்கு, கற்றுக்கொள்ள இரண்டு நிமிடம். வரையச் சுண்ணாம்புக் கட்டி இருந்தால் போதும்.

கடைசியாக, கோட்நேம்ஸ். செக் நாட்டின் விளாடா க்வாட்டில் செய்தது, 2016-ன் விருது. ஐந்துக்கு ஐந்தாக 25 சொற்கள். இரண்டு அணி. அணித் தலைவர்களுக்கு மட்டும் எது யாருடையது என்று தெரியும்: தொடங்கும் அணிக்கு ஒன்பது, மற்றதற்கு எட்டு, ஏழு யாருக்கும் இல்லை, ஒன்று கொலைகாரன். தலைவர் ஒரே ஒரு சொல்லும் ஓர் எண்ணும் சொல்லலாம். ‘பழம், மூன்று’ என்றால் பழத்தோடு தொடர்புள்ள மூன்றை அணி தொட வேண்டும். கொலைகாரனைத் தொட்டால் ஆட்டமே போச்சு. பெட்டி முழுக்க ஆங்கிலச் சொற்கள். அப்பத்தா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், தினத்தந்தியைக் கடைசிப் பக்கம் வரை வாசிப்பார், இதில் உட்கார வழியில்லை.

எனவே நாங்களே எழுதினோம். வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கம் மார்க்கரில் ஒவ்வொரு சொல். எதை எழுதுவது என்று உட்கார்ந்தபோதுதான் தமிழ் இந்த ஆட்டத்துக்கென்றே செய்த மொழி என்று பட்டது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால்தான் ஆட்டம் சுவைக்கும். ஆறு. மாலை. படி. திங்கள். அடி. நூல். காய். திரி. அணை. இரட்டுற மொழிந்த காளமேகம் இருந்திருந்தால் அவரைத் தலைவராக வைத்துக்கொள்ள இரண்டு அணியும் அடித்துக்கொண்டிருக்கும். சண்டையும் வந்தது. ‘ஒரே சொல்’ என்றால் என்ன? மகள் ‘வைகைப்பாலம்’ என்று குறிப்பு கொடுத்தாள், நடுவில் ‘ப்’ வந்துவிட்டது, அதனால் ஒரே சொல் என்று புணர்ச்சி இலக்கணத்தைக் காட்டினாள். இப்படியே போனால் ‘அழகராற்றிலிறங்குகுதிரை’ வரை போகும் என்று மனைவி தடுத்தாள். அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இருநூறு சொல் ஆனதும், இன்னும் ஏதாவது சொல்லுங்கள் என்று அப்பத்தாவைக் கேட்டோம்.

“சீட்டு” என்றார்.

மார்க்கரை வைத்திருந்த மகள் என்னைப் பார்த்தாள்.

“எழுது. ஏலச்சீட்டு இருக்கு, ரயிலு சீட்டு இருக்கு, மருந்துச் சீட்டு இருக்கு. ரெண்டு அர்த்தம் கேட்டீகளே, நாலு இருக்கு.”

போன ஞாயிற்றுக்கிழமை அது 25-க்குள் வந்தது. எங்கள் நீல அணிக்கு மகள் தலைவர். நான், பையன், அப்பத்தா. அந்தப் பக்கம் மனைவி, அம்மா, மாமா. ஐந்தை நாங்கள் தொட்டு முடித்திருந்தோம், சிவப்புக்கு இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. இந்த முறை மீதி மூன்றையும் தொடாவிட்டால் தோற்றோம். மகள் எது யாருடையது என்று காட்டும் அட்டையைப் பார்த்தாள், சொற்களைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். அப்புறம் சொன்னாள்:

“மங்காத்தா, மூணு.”

மனைவி அவளை முறைத்தாள். அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

அப்பத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ‘சீட்டு’ மேல் விரலை வைத்தார். நீலம். கொஞ்சம் தள்ளி ‘நிலம்’. அதுவும் நீலம். மூன்றாவதுக்குப் பையன் ‘ராத்திரி’யைக் காட்டினான். நான் ‘திண்ணை’ என்றேன். இரண்டுமே தரையில் இருந்தன. அப்பத்தா இரண்டையும் கையால் ஒதுக்கிவிட்டு, மூலையில் கிடந்த ‘தண்ணீர்’ மேல் விரலை வைத்து அழுத்தினார்.

மகள் அதன் மேல் நீல அட்டையை வைத்தாள்.

“கலைச்சுப் போடுங்க” என்றார் அப்பத்தா. “அடுத்த ஆட்டத்துக்கு மாமன் எங்க பக்கம் வரட்டும்.”